நட்ட காட்டை என்ன செய்வது? ஃப்ளாக் பக்கத்துத் தம்பிக்கு ஒரு பதில்

மொரீஷியஸின் கிழக்கே, போஸ்ட் தெ ஃப்ளாக் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் கோயில் இளைஞர் சங்கத்தில் பிரா தோ பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்ததாம். ஒரு தரப்பு, "அது நட்டு வளர்த்த காடு, எல்லாம் வெளிநாட்டு மரம். வெட்டிவிட்டு நம் தீவு மரங்களை வைக்க வேண்டும்" என்கிறது. மறு தரப்பு, "இருப்பதை வைத்துக்கொண்டு வழி போட்டால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், ஊருக்குக் காசு வரும்" என்கிறது. இதில் எது சரி, ஊர்க்காரர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது மிஞ்சுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, காட்டு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வெட்டித் தள்ள வேண்டாம். ஆனால் நட்ட காடு அழகாக இருக்கிறது என்பது அதற்குக் காரணம் அல்ல. கூட்டத்தைத் தாங்கக்கூடிய காடு இந்தத் தீவில் அது ஒன்றுதான். தீவில் தானாகவே வளர்ந்து மிச்சமிருக்கும் நாட்டுக் காடு நடக்கிறவர் காலைத் தாங்காது. அதனால் ஆட்கள் நட்ட காட்டில் நடக்கட்டும், அங்கே வரும் காசும் கூலியும் நாட்டுக் காட்டின் களை பிடுங்கப் போகட்டும். அப்படிச் செய்தால் ஊருக்கும் வேலை இருக்கும். இனி எழுதுவதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 1638-இல் வந்து குடியேறிக் கருங்காலியை வெட்டத் தொடங்கினார்கள். அப்புறம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் வெட்டினார்கள், ஆங்கிலேயர் காலத்தில் கரும்பு மிச்சத்தை விழுங்கியது. நடுவில் 1769-இல் பியேர் புவாவ்ர் என்ற நிர்வாகி, நிலம் வாங்கியவர்கள் அதில் கால் பங்கைக் காடாக விட்டுவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். சட்டம் நல்ல சட்டம்தான், கரும்பு விலைக்கு முன்னால் நிற்கவில்லை. இன்று நல்ல நிலையில் இருக்கும் நாட்டுக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வரைபடத்தில் காடு என்று பச்சை அடித்திருப்பது கிட்டத்தட்ட 47,000 ஹெக்டேர், அதாவது தீவில் கால் பங்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் பைன், யூகலிப்டஸ், கிரிப்டோமேரியா, கடற்கரையில் நாம் ஃபிலாவோ என்று சொல்லும் சவுக்கு, அப்புறம் களையேறிய புதர், மான் பண்ணை.

உங்கள் பிரா தோவும் அந்த வகைதான். கரும்புத் தோட்டமாக இருந்த இடம். ஆலையின் இடிந்த சுவர்கள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. பின்னர் அரோகாரியா, யூகலிப்டஸ், மகோகனி என்று நட்டார்கள். 2011-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், ஏறக்குறைய 500 ஹெக்டேர். நட்ட காட்டைப் போய்த் தேசியப் பூங்கா ஆக்குவதா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னக் குருவி பதில் சொல்லும். நாம் கோக் தெ புவா என்கிறோமே, செம்பழுப்பு முதுகும் கருநீலத் தலையும் கொண்ட குருவி. உலகத்திலேயே இந்தத் தீவிலும் பக்கத்து ரியூனியனிலும்தான் அந்த இனம் உண்டு, அதிலும் நம்முடையது தனி உள்ளினம். அது பிரா தோவின் நிழலில் கூடு கட்டி வாழ்கிறது. மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை. நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், பறந்து பிடிக்கப் பூச்சி வேண்டும்.

இன்னொரு பறவையின் கதை இதைவிட முக்கியம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1971 முதல் 1974 வரை, மேட்டுநிலத்தில் லே மார், கனாக்கா பக்கம் இருந்த குட்டையான நாட்டுக் காட்டைப் பெரும் பரப்பில் அழித்துப் பைன் நட்டார்கள். பலகைக்கு வெளிநாட்டை நம்பக் கூடாது என்ற எண்ணம். அந்தக் காட்டில்தான் இந்தத் தீவுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக் கிளியும் இரை தேடின. இரண்டும் சரிந்தன. 1990 வாக்கில் காட்டில் மிஞ்சிய இளஞ்சிவப்புப் புறாக்கள் பத்துதான் இருக்கும். சரி, அந்தக் கடைசிப் புறாக்கள் எங்கே கூடு கட்டின தெரியுமா? பெரும்பாலும் ஒரே ஒரு சின்னத் தோப்பில். அது ஜப்பானிலிருந்து வந்த கிரிப்டோமேரியாவை நட்ட தோப்பு! இலை முள்போல அடர்ந்திருப்பதால் குரங்கும் எலியும் கூட்டை எட்டுவது கஷ்டம். பிறகு கூண்டில் வளர்த்து விடுவது, இரை வைப்பது, எலி ஒழிப்பது என்று பெரும்பாடு பட்டு எண்ணிக்கையைச் சில நூறுக்குக் கொண்டுவந்தார்கள். 2018-இல் உலகச் செம்பட்டியலில் அந்தப் புறாவின் ஆபத்து நிலையையும் ஒரு படி குறைத்தார்கள்.

நட்ட காடே அந்தப் புறாவின் சோற்றில் மண்ணைப் போட்டது, தலைக்குக் கூரையும் கொடுத்தது. ஆகவே "வெளிநாட்டு மரம் என்றால் வெட்டு" என்பதும் வேலைக்கு ஆகாது, "பச்சையாக இருந்தால் போதும்" என்பதும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு துண்டாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எதன் பக்கத்தில் இருக்கிறது, என்ன சரிவு, கீழே என்ன முளைக்கிறது, யார் வந்து போகிறார்கள் என்று.

வெட்டச் சொல்லும் தரப்புக்கு ஒரு வார்த்தை. பைன் தோப்பை மொத்தமாக வெட்டினால் அடுத்த மழைக்கு அங்கே கருங்காலி முளைக்காது. சீனக் கொய்யா முளைக்கும், மேட்டுநிலத்தில் ப்ரிவே என்ற களைப் புதரும் முள்ளுக்கொடியும் சேர்ந்து ஏறும். வெளிச்சம் திடீரென்று கொட்டினால் முதலில் ஓடிவருவது களைதான். அதனால் மாற்ற நினைக்கிற இடத்திலும் படிப்படியாகத்தான் போக வேண்டும். நெருக்கமாக நிற்கும் மரங்களை அங்கங்கே எடுத்து இடைவெளி உண்டாக்கி, மிஞ்சிய மேல் நிழலை விட்டுவைத்து, அந்த இடைவெளியில் நாத், தாத்தமாக்கா, கோலோஃபான், கருங்காலி போன்ற நாட்டு மரக் கன்றுகளை நட வேண்டும். நட்ட இடத்துக்கு மானும் காட்டுப்பன்றியும் வராமல் வேலி வேண்டும். களையை ஒரு தடவை பிடுங்கினால் போதாது, திரும்பத் திரும்ப வந்து பிடுங்க வேண்டும். கருங்காலி வளரும் வேகத்துக்கு நம் ஆயுள் போதாது, பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். இந்தச் செலவை 500 ஹெக்டேருக்கும் செய்ய எந்த அரசாங்கத்திடமும் காசு கிடையாது. ஓடைக் கரை, நாட்டுக் காட்டை ஒட்டிய ஓரம், அங்கங்கே உயிரோடு நிற்கும் பழைய நாட்டு மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் என்று தேர்ந்தெடுத்துச் செய்வதுதான் நடைமுறை.

மிச்சத்தை என்ன செய்வது என்றால், அங்கேதான் ஆட்களை நடக்க விட வேண்டும் என்கிறேன். பைன் தோப்பின் தரையில் ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். மழையிலும் கால் புதையாது, மிதித்தால் அழிந்துபோகிற அரிய செடியும் அதில் இல்லை. அதே கூட்டத்தை பிளேன் ஷாம்பாய்ன் மேட்டின் குட்டை நாட்டுக் காட்டுக்குள் விட்டால் கதை வேறு. அங்கே மண் மெல்லிசு, ஆண்டு முழுக்க ஈரம். ஆட்கள் சேற்றைத் தவிர்க்க ஓரமாக நடப்பார்கள், ஒற்றையடிப் பாதை சில வருடத்தில் வண்டிப்பாதை அளவுக்கு அகலும். ஒவ்வொரு செருப்பும் கொய்யா விதையைச் சுமந்து போகும்.

நம் நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பூண்டோடு அழிந்தது என்று நினைத்த காஃபே மாரோன் செடி ஒன்றை 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் சாலையோரத்தில் கண்டுபிடித்தான். செய்தி பரவியதும் மருந்துக்கு ஆகும் என்று ஆட்கள் வந்து கிளையை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வேலிக்கு மேல் வேலி போட்டுத்தான் அந்த ஒற்றைச் செடியைக் காப்பாற்ற முடிந்தது. பார்க்க வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் சில இடங்களுக்கு விளம்பரமே விஷம். நாட்டுக் காட்டைக் காட்டத்தான் வேண்டும் என்றால் இல் ஓ ஸெக்ரெத் தீவில் செய்கிற மாதிரி செய்யலாம். 26 ஹெக்டேர் தீவு, படகில்தான் போக முடியும், வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது, சுற்றிக் காட்டி வாங்கும் காசு காப்பு வேலைக்குப் போகிறது. அது சின்ன இடம், சின்னக் குழு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரும் ஆயிரம் பேருக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றதும் ரியூனியன் ஞாபகம் வருகிறது. அங்கே மலபார் என்று சொல்லப்படும் தமிழ் வம்சத்துக் குடும்பம், கிரியோல் குடும்பம் என்று வேறுபாடில்லாமல் சட்டி, பானை, அரிசி, விறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்குப் போய் அங்கேயே காரி சமைத்துச் சாப்பிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். வனத்துறை கிரிப்டோமேரியாத் தோப்புகளில் கூரையும் அடுப்பும் மேசையும் போட்டு வைத்திருக்கிறது. முதலில் உள்ளூர்க்காரருக்காகச் செய்தார்கள், சுற்றுலாக்காரர் அதே மேசையில் வந்து உட்காருகிறார். நாம் அடிக்கடி இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வெளிநாட்டவருக்கு என்று ஒன்றைக் கட்டி, ஊர்க்காரரை வாசலில் நிறுத்துகிறோம்.

இதனால்தான் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே காட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். சிவராத்திரி வந்தால் லட்சக்கணக்கானவர்கள் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு நடக்கிறார்கள். அந்த மேட்டுநிலத்தில் அவர்களுக்கு நிழல் தருவது நட்ட மரம்தான். ஏப்ரல், மே வந்தால் பாதித் தீவு வாளியோடு கொய்யாக் காட்டுக்குள் இறங்குகிறது. உப்பும் மிளகாயும் தொட்டு அந்தச் சிவப்புப் பழத்தைத் தின்னாமல் வளர்ந்த மொரீஷியஸ் பிள்ளை இருக்கிறதா? பறித்துச் சாலையோரம் விற்று அந்த மாதங்களை ஓட்டுகிற குடும்பங்களும் உண்டு.

இங்கேதான் சிக்கல். அதே கொய்யாதான் நாட்டுக் காட்டின் முதல் எதிரி. புதர்போல் அடர்ந்து, கீழே ஒரு நாட்டுக் கன்றையும் தலைதூக்க விடாது. பழத்தைக் குரங்கும் பறவையும் தின்று விதையை எங்கும் போடும். ஆக, இயற்கை ஆர்வலர் "ஒழி" என்பார், பழம் விற்கும் அக்கா "என் வயிற்றில் அடிக்காதே" என்பார். இரண்டு பேரும் சொல்வது சரி. என் முடிவு இது. நாட்டுக் காட்டிலும் அதை ஒட்டிய அகலமான ஓரப் பட்டையிலும் கொய்யாவை வேரோடு எடுக்க வேண்டும், அதில் தயவு காட்டக் கூடாது. தள்ளி இருக்கும் பைன் தோப்புகளில் அதை விட்டுவைக்கலாம், பறிக்கலாம், விற்கலாம். எவ்வளவு பறிக்கிறோமோ அவ்வளவு விதை குறைகிறது என்பதும் லாபம்தான். தேசியப் பூங்காவுக்குள் எதைப் பறிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிரா தோ பூங்காத் துறையின் கையில், மற்ற நட்ட காடுகள் பெரும்பாலும் வனத்துறையின் கையில். இரண்டும் வேறு வேறு அலுவலகம், ஒன்றிடம் வாங்கிய அனுமதி மற்றதில் செல்லாது.

இப்போது காசு. நேராகச் சொன்னால், நடைபாதை போடுவதால் மட்டும் ஊருக்கு ஒரு ரூபாய் வராது. நம் ஹோட்டல்களில் பல, சாப்பாடு முதல் சுற்றுலா வரை உள்ளேயே விற்றுவிடும். விருந்தாளியை ஹோட்டல் வேன் ஏற்றும், வேனோடு வழிகாட்டி வருவார், சாப்பாட்டுப் பெட்டியும் வண்டியிலேயே வரும். காட்டில் இரண்டு மணி நேரம், படம், திரும்பிப் போய்விடுவார்கள். ஊரில் மிஞ்சுவது தூசியும் பிளாஸ்டிக் போத்தலும். இதை மாற்ற வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே வண்டி நிறுத்தும் இடத்தை ஊர்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் வண்டி நிற்கிற இடத்தில்தான் தால்பூரி விற்கும், இளநீர் விற்கும். காட்டின் நடுவே நிறுத்துமிடம் கட்டிவிட்டால் ஊர்க்காரருக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

இரண்டாவது, குழுவாக வருபவர்களுக்கு உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் என்ற விதி. வழிகாட்டி என்றால் மரத்தின் லத்தீன் பெயரை ஒப்பிக்கிறவர் என்று நினைக்க வேண்டாம். பிரா தோவில் அந்த ஆலைச் சுவருக்கு முன்னால் நின்று, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் இந்தத் தீவின் கரும்பாலைகளில் எப்படி உழைத்தார்கள் என்று சொல்ல அந்த வம்சத்துப் பிள்ளையைவிட யாருக்கு அதிகத் தகுதி? கோக் தெ புவாவின் குரலை முதலில் கேட்டு விரலை உதட்டில் வைப்பதற்கும் தினமும் அந்தக் காட்டில் நடக்கிறவர் வேண்டும். மொழி தெரியாதே என்ற கவலையை விடுங்கள். பள்ளியிலேயே பிரெஞ்சும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகள் நம்முடையவர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. யாரும் இதைச் சுற்றுலா என்று எண்ணுவதில்லை. களை பிடுங்கும் வேலை, கன்று வளர்க்கும் நாற்றங்கால், வேலி பார்ப்பது, பாதையில் நீர்வடிகால் வெட்டுவது. சுற்றுலாக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வேலை வருடம் முழுக்க இருக்கிறது. 2020-இல் விமானம் நின்றபோது சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கொய்யா அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வெளியூர் ஒப்பந்தக்காரர் லாரியில் ஆளைக் கொண்டுவந்து இறக்குவதைவிட, பக்கத்து ஊரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த வேலையைக் கொடுக்கும்படி கேளுங்கள். நுழைவுக் கட்டணம் வைத்தால், வெளிநாட்டவரிடம் மட்டும் வாங்கி அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு இந்தக் கூலிக்கே செலவிடுவதுதான் நியாயம். பொதுக் கஜானாவில் கலந்துவிட்டால் காட்டுக்குத் திரும்பி வராது.

எதற்கெல்லாம் தலையாட்டக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். நாற்சக்கர மோட்டார் வண்டி விடுகிறோம், கம்பியில் தொங்கிப் பறக்க விடுகிறோம் என்று யாராவது திட்டத்தோடு வருவார்கள். தனியார் தோட்டங்களில் ஏற்கெனவே அது நடக்கிறது, அங்கேயே நடக்கட்டும். சத்தம் வந்த இடத்தில் குருவி கூடு கட்டாது. அப்புறம் மான் வேட்டை. 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான் இன்று பெரும் வியாபாரம். காட்டு நிலத்தில் நல்ல பங்கு அதற்குக் குத்தகையில் இருக்கிறது. மானிறைச்சி பிடிக்காதவன் அல்ல நான். ஆனால் வேலி போட்டுச் சாவியைக் குத்தகைக்காரர் வைத்திருக்கும் காட்டில் கிராமத்துக்குப் பங்கு என்று பேசுவதில் அர்த்தமில்லை. மான் நிறைந்த இடத்தில் கன்று நடுவதும் வீண், ராத்திரியோடு மேய்ந்துவிடும்.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். வயதான யூகலிப்டஸும் பைனும் கிளையை எப்போது போடும் என்று சொல்ல முடியாது. புயல் மாதங்கள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. 1960-இல் கரோல் புயலும் 1975-இல் ஜெர்வேஸும் நட்ட காடுகளைப் படுக்க வைத்ததைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் பாதையோரத்து மரங்களை ஒன்றொன்றாகப் பார்த்து, உளுத்ததை வெட்டிய பிறகே திறக்க வேண்டும். இந்தச் செலவைத் திட்டத்தில் எழுதாமல் பாதை திறப்பவர்கள்தான் அதிகம். ஒரு விபத்து நடந்தால் காட்டையே பூட்டிவிடுவார்கள். ஒரே வயதில் நட்ட மரங்கள் ஒரே காற்றில் ஒன்றாக விழும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக வெவ்வேறு வயது மரங்களைக் கலந்துவைப்பது புயலுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

உங்கள் சங்கம் என்ன செய்யலாம் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். மனு எழுதுவதற்கு முன் ஒரு வருடம் காட்டைப் பாருங்கள். எந்தப் பாதையில் யார் எந்த மாதத்தில் வருகிறார்கள், விறகுக்கு யார், நடைப்பயிற்சிக்கு யார், பழத்துக்கு யார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கோக் தெ புவா எங்கெங்கே குரல் கொடுக்கிறது என்றும் குறியுங்கள். செப்டம்பரிலிருந்து தொடங்கும் வெயில் மாதங்களில் அது கூடு கட்டும் பகுதிக்குள் பாதை போகக் கூடாது என்று காட்ட அந்த நோட்டு உதவும். பெண்களையும் வயதானவர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் அதிகம் போகிறவர்கள் அவர்கள்தான், கூட்டத்தில் வாய் திறக்காதவர்களும் அவர்கள்தான். பூங்கா அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போய் "எங்களுக்கு என்ன தருவீர்கள்" என்று கேட்டால் பேச்சு அன்றோடு முடியும். நோட்டைக் காட்டி, "இந்த ஐந்து ஹெக்டேரில் களை பிடுங்கும் வேலையை முதலில் எங்களிடம் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள்" என்று கேளுங்கள். ஆலைச் சுவரைச் சுற்றியுள்ள துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. பாதையும் அங்கே போகிறது, வேலை நடப்பதை வருகிறவர்களும் பார்ப்பார்கள்.